தண்டையார்பேட்டை வெயிலில் 27.8 டிகிரி

கத்திரி வெயில் நேரம், தண்டையார்பேட்டை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு அறை, மத்தியானம் இரண்டரை மணி. அந்த அறையில் ஓடுகிற கம்ப்யூட்டருக்குள் 27.8 டிகிரிதான் என்று திரையில் ஒரு எண் நின்றால், அந்த எண் பொய். இதற்கு இன்ஜினியரிங் தேவையில்லை. ஃபேன் காற்றால் மட்டும் குளிர வைக்கிற மிஷின் எதுவும் அறைக் காற்றைவிடக் குளிராது. அறையே முப்பத்தாறில் இருக்கும்போது, அதற்குள் மின்சாரம் தின்றுகொண்டிருக்கும் பெட்டி எப்படி இருபத்தெட்டுக்குக் கீழே நிற்கும்?

நான் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஷூட் பண்ணி ஹார்ட் டிஸ்க்கில் தருவார். நான் வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்பேன். சித்திரை, வைகாசியில் முகூர்த்தம் குவியும். ஆடியில் ஈ ஓட்டணும். ஆகவே வெயில் உச்சத்தில்தான் என் கம்ப்யூட்டருக்கும் வேலை உச்சம்.

மிஷின் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ5. அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட், எடிட்டிங்குக்கு கேடென்லைவ். லினக்ஸ் எனக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸும் இருந்தது. வகுப்பில் யாரும் அதைத் திறக்கவில்லை, நான் திறந்தேன். அவ்வளவுதான் கதை.

பிரச்சினை இது: மதியத்துக்கு மேல் ரெண்டர் (வெட்டி ஒட்டியதை ஒரே வீடியோ கோப்பாக்கும் வேலை) போட்டால் பாதி வரை நன்றாக ஓடும், பிறகு ஆமை வேகம். சில நாள் பொத்தென்று அணைந்துவிடும். வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம். யுபிஎஸ் பேட்டரி என்றார் கணவர். லோ வோல்டேஜ் என்றார் கீழ்வீட்டுக்காரர். சூடாக இருக்குமோ என்று நான் கேட்டபோதெல்லாம் எல்லோரும் திரை ஓரத்துப் பேனலில் இருக்கும் அந்த 27.8-ஐக் காட்டினார்கள்.

மாமா மட்டும் காட்டவில்லை. என் மாமனார் காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் அம்மோனியா கம்ப்ரஸர் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கம்ப்யூட்டரைத் தொட மாட்டார், ஆனால் கேஜ் என்றால் நின்று பார்ப்பார்.

“ஏம்மா, காலைல டீ குட்சப்பவும் இதே நம்பர்தான காட்டுச்சு?”

“ஆமா மாமா, 27.8தான்.”

“இப்பவும் அதேவா? அப்ப அது கேஜ் இல்லம்மா, படம். எங்க ஃபேக்டரில முள்ளு ஆடாம நின்னா மிஷினு நல்லா கீதுன்னு எவனும் சொல்ல மாட்டான். கையால தட்டுவோம். அப்பவும் ஆடலன்னா கயட்டிட்டு வேற மாட்டுவோம்.”

தட்டிப் பார்க்க முதலில் ஒரு நம்பகமான தெர்மாமீட்டர் வேண்டும். நாத்தனார் பையன் கொளத்தூரில் வாங்கிய கப்பி மீன்களை வளர்க்கிறான். தொட்டியில் தொங்கிய கண்ணாடி தெர்மாமீட்டரைக் கடன் வாங்கி கேபினெட் மேல் வைத்தேன். 36. மீன் தொட்டிக்கு விற்கிற தெர்மாமீட்டர் ஒன்றிரண்டு டிகிரி முன்பின் இருக்கலாம், எட்டு டிகிரி இருக்காது.

அந்த 27.8 எங்கிருந்து வருகிறது? கட்டளை அடிக்கும் டெர்மினலில் சென்சார்ஸ் என்று அடித்தேன். (கட்டளைகளை எல்லாம் உச்சரிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து.) முதலில் ஏசிபிஐடிஇசட் என்று ஒரு தலைப்பு, அதற்குக் கீழே 27.8, 29.8 என்று இரண்டு எண்கள். பேனல் பிளக்-இன் இந்த முதல் எண்ணைத்தான் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

ஏசிபிஐ என்பது பயாஸ் (மிஷின் எழும்போது முதலில் ஓடும், மதர்போர்டிலேயே பதித்த நிரல்) எழுதி வைத்துவிட்டுப் போகும் அட்டவணை. பவர் பட்டனை அழுத்தினால் என்ன, தூங்க வைத்தால் என்ன, இத்தனை டிகிரிக்கு மேல் போனால் என்ன என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குச் சொல்வது அது. அதில் வெப்பத்தைச் சொல்லும் அளவு செல்சியஸ் அல்ல, கெல்வினில் பத்தில் ஒரு பங்கு. லினக்ஸ் அதிலிருந்து 273.2-ஐக் கழித்து நமக்குக் காட்டும். இப்போது திருப்பிக் கூட்டிப் பாருங்கள். 27.8 கூட்டல் 273.2, சரியாக 301. 29.8 கூட்டல் 273.2, சரியாக 303. அதாவது அட்டவணையில் இருப்பது 3010, 3030 என்று இரண்டு முழு எண்கள். காலையும் மாலையும் ரெண்டர் நடுவிலும் இம்மி பிசகாமல் இப்படி வட்டமாக நிற்பது அளந்த எண் அல்ல, எழுதி வைத்த எண். மதர்போர்டு செய்தவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாதே என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டார்கள்.

இதில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. அந்த 27.8-க்குப் பக்கத்திலேயே ‘கிரிட் 105’ என்றும் இருக்கிறது. 105-ஐத் தொட்டால் லினக்ஸ் மரியாதையாகக் கோப்புகளை மூடிவிட்டு அணைய வேண்டும் என்று அர்த்தம். ஆடாத முள் 105-ஐ எப்போது தொடும்? பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது என்று எழுத்தில் இருக்கிறது, நடப்பில் இல்லை.

அதே பட்டியலில் கொஞ்சம் கீழே கோர்டெம்ப் என்று இன்னொரு தலைப்பு. ப்ராசஸருக்குள் இருக்கும் நாலு கோருக்கும் (கணக்குப் போடும் பகுதிகள்) தனித்தனி எண்கள், சும்மா இருக்கும்போதே 50-ஐ ஒட்டி. இது உண்மையான சென்சார், ப்ராசஸர் சில்லுக்குள்ளேயே பதித்தது. அது நேரடியாக டிகிரியைச் சொல்வதில்லை. எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். என் ப்ராசஸருக்கு எல்லை 100. பாக்கி 50 என்றால் டிரைவர் (சில்லோடு பேசுகிற லினக்ஸ் நிரல்) அதை 100-இலிருந்து கழித்து 50 என்று காட்டும். எல்லைக்கு அருகில் துல்லியம் அதிகம், கீழே வர வர நாலைந்து டிகிரி பிசகலாம். நமக்குக் கவலை மேல்பக்கம்தான் என்பதால் பரவாயில்லை.

ஒரு சின்ன ரெண்டரை ஓடவிட்டு கோர்டெம்ப்பைப் பார்த்தேன். எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றெட்டு. பேனலில் அப்போதும் 27.8. லினக்ஸ் குறித்து வைக்கும் செய்திகளைப் பார்க்க டிமெஸ்ஜ் அடித்தால் ‘கோர் வெப்பம் வரம்பைத் தாண்டியது, வேகம் குறைக்கப்பட்டது’ என்ற பொருளில் வரிசையாகச் செய்திகள். ஆமை வேகத்தின் காரணம் அதுதான். ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கிறது. அதற்கும் அடங்காமல் வெப்பம் ஏறினால், யாரையும் கேட்காமல் மின்சாரத்தையே நிறுத்தச் சொல்லிவிடும். லினக்ஸ், விண்டோஸ் எதுவும் அதில் தலையிட முடியாது. பொத்தென்ற அணைப்பு அந்த வகை.

சூடு உறுதி. ஏன் சூடு? இங்கேதான் ஃபேன் வேகம் தெரியணும். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா, வேகமாகச் சுற்றியும் பலன் இல்லையா என்பது இரண்டும் வேறு வேறு வியாதி. ஆனால் என் பட்டியலில் ஃபேன் என்று ஒரு வரிகூட இல்லை.

பலரும் இந்த இடத்தில் ‘என் போர்டில் சென்சார் இல்லை’ என்று விட்டுவிடுவார்கள். சென்சார் இருக்கும். ஃபேன் வேகம், போர்டு வெப்பம், வோல்டேஜ் மூன்றையும் பார்ப்பது சூப்பர் ஐ-ஓ என்கிற தனிச் சில்லு. பழைய கீபோர்டு, மவுஸ், சீரியல் போர்ட்டுக்கெல்லாம் அதுதான் பொறுப்பு. கூடவே இந்தக் கண்காணிப்பு வேலையும் செய்யும். ப்ராசஸருக்குள் இருக்கும் சென்சார் வேறு, இது வேறு. டிரைவரும் வேறு. ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரியும் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம்.

இந்தச் சில்லு எது என்று கண்டுபிடிக்க சென்சார்ஸ்-டிடெக்ட் என்ற நிரல் இருக்கிறது. நிர்வாகி அதிகாரம் தரும் சுடோவை முன்னால் போட்டு ஓட்டணும். ஆமாவா இல்லையா என்று கேள்வியாகக் கேட்கும். எதுவும் யோசிக்காமல் என்டர் தட்டினால் அது பாதுகாப்பான விடையை எடுத்துக்கொள்ளும். நான் எல்லாவற்றுக்கும் ஆமா போடுவேன் என்று வீரம் காட்டாதீர்கள். அந்தக் காலத்தில் சில ஐபிஎம் திங்க்பேட் மாடல்களில் இப்படிச் சில்லுகள் பேசிக்கொள்ளும் எஸ்எம்பஸ் கம்பியைத் துழாவப்போய், போர்டில் இருந்த ஈப்ராம் நினைவகமே கெட்டு மிஷின் எழாமல் போனது உண்டு. இப்போது அந்தக் குறிப்பிட்ட ஆபத்துக்கு நிரலிலேயே தடுப்பு இருக்கிறது, ஆனாலும் கேட்கிற கேள்வி காரணத்தோடுதான் கேட்கிறது.

எனக்குச் சூப்பர் ஐ-ஓ பகுதியில் விடை வந்தது: ஐடி8728எஃப், டிரைவர் ஐடி87. கடைசியில் இந்தப் பெயரைத் தொடக்கத்திலேயே ஏற்றுகிற மாதிரி மாட்யூல்ஸ் கோப்பில் சேர்க்கவா என்று கேட்டது, சேர்க்கச் சொன்னேன். அப்படியும் சென்சார்ஸ் அடித்தால் பழைய பட்டியல்தான். மாட்ப்ரோப் ஐடி87 என்று கையால் ஏற்றப் பார்த்தால், ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’. சில்லு இருக்கிறது, டிரைவர் இருக்கிறது, இரண்டும் சேர மாட்டேன் என்கின்றன.

மறுபடி டிமெஸ்ஜ். கடைசி வரிகளில் ஏசிபிஐ பெயரில் ஒரு எச்சரிக்கை. ஐடி87 கேட்கும் போர்ட் முகவரியை ஏசிபிஐ அட்டவணை தனக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறது, ஆகவே தர முடியாது என்று. பொய் எண் காட்டிய அதே ஆசாமிதான் நிஜ எண்ணுக்கும் வழிமறித்து நிற்கிறார்.

லினக்ஸின் மையமான கெர்னல் இப்படி மறுப்பதில் நியாயம் இருக்கிறது. இந்தச் சில்லோடு பேச இரண்டு கதவுகள். முதல் கதவில் ‘இத்தனையாவது கட்டம் வேண்டும்’ என்று எண்ணை எழுத வேண்டும், இரண்டாவது கதவில் அந்தக் கட்டத்தின் மதிப்பைப் படிக்கவோ எழுதவோ வேண்டும். நம் டிரைவர் முதல் கதவில் எழுதிவிட்டு இரண்டாவதற்குப் போவதற்குள், பயாஸின் ஏசிபிஐ நிரல் புகுந்து வேறு கட்ட எண்ணை எழுதிவிட்டால்? படிக்கிற நேரமென்றால் தப்பான எண் வரும், அதோடு போகும். எழுதுகிற நேரமென்றால் ஃபேன் கட்டுப்பாட்டில் குப்பை மதிப்பு போய் விழும். அதனால்தான் இருவருக்கும் ஒரே முகவரி வேண்டுமென்றால் கெர்னல் டிரைவரை வெளியே நிறுத்துகிறது.

இதைத் தளர்த்த இரண்டு வழி. பழைய வழி, மிஷின் எழும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் ஏசிபிஐ-என்ஃபோர்ஸ்-ரிசோர்சஸ் என்பதற்கு லாக்ஸ் என்று மதிப்புக் கொடுப்பது. தேடினால் எங்கே பார்த்தாலும் இதைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அது எல்லா டிரைவர்களுக்கும் சேர்த்துக் கதவைத் திறந்துவிடும். அப்படிச் செய்ததில் சில மிஷின்கள் பூட்டே ஆகவில்லை என்று ஐடி87-இன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. அதற்காகத்தான் புதிய கெர்னல்களில் இந்த ஒரு டிரைவருக்கு மட்டும் ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள்: இக்னோர், ரிசோர்ஸ், கான்ஃப்ளிக்ட், மூன்றுக்கும் நடுவில் அடிக்கோடு, அதற்கு மதிப்பு 1. மாட்ப்ரோப் ஐடி87 வரியின் வாலில் இதைச் சேர்த்தேன், சத்தமில்லாமல் ஏறியது. பிறகு ஈடிசி அடைவில் மாட்ப்ரோப் டாட் டி என்பதற்குள் ஒரு சின்னக் கோப்பு போட்டு, ஆப்ஷன்ஸ் ஐடி87 என்று தொடங்கி இதே தேர்வை எழுதி வைத்தேன். ரீபூட் ஆனாலும் நிற்கிறது. என் போர்டில் ஏசிபிஐ நிரல் உண்மையில் அந்தச் சில்லைத் தொடுவதாகத் தெரியவில்லை, இதுவரை எண்கள் குதிக்கவில்லை. உங்கள் போர்டு வேறாக இருக்கலாம். ஏற்றியபின் கொஞ்ச நேரம் எண்களைக் கவனியுங்கள். ஃபேன் வேகத்தை எழுதி மாற்றும் வேலைக்கு நான் போகவில்லை, படிப்பதோடு சரி.

இப்போது பட்டியல் நீண்டது. வோல்டேஜ்கள், ஃபேன்கள், மூன்று டெம்ப் வரிகள். கூடவே ‘இன்ட்ரூஷன் அலாரம்’ என்று ஒன்று. அதைச் சத்தமாகப் படித்துவிட்டேன், மாமா கதவுப்பக்கம் பார்த்தார். கேபினெட்டைத் திறந்தால் தெரிவிக்கும் சுவிட்ச் ஒன்றுக்கான வரி அது. என் கேபினெட்டில் அப்படி சுவிட்சே கிடையாது, ஆகவே எப்போதும் அலாரம்தான்.

டெம்ப் மூன்றில் எது எது என்று சில்லுக்குத் தெரியாது. அது வெறும் மூன்று கால்களை அளக்கிறது. அந்தக் கால்களை எங்கே இழுத்துக் கட்டினார்கள் என்பது போர்டு செய்தவருக்குத்தான் வெளிச்சம். என்னுடையதில் ஒன்று மைனஸ் 55. அது காலியான கால், வெப்பம் அளக்கும் தெர்மிஸ்டர் எதுவும் இணைக்கப்படவில்லை. மற்றொன்று ரெண்டர் தொடங்கியதும் கோர்டெம்ப்போடு சேர்ந்து ஏறுகிறது, அது ப்ராசஸர் பக்கம். மூன்றாவது மெதுவாக, அறையோடு சேர்ந்து நகர்கிறது, அது போர்டு. சென்சார்ஸ் டாட் டி அடைவில் ஒரு கோப்பு போட்டு மைனஸ் ஐம்பத்தைந்தை மறைத்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் பெயர் வைத்தேன்.

சரி, ஃபேன். ரெண்டர் ஓடும்போது ப்ராசஸர் ஃபேன் நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கு மேல். முழு வேகத்தில் ஓடுகிறது, கோர் 98. வியாதி எது என்று அந்த ஒரு வரி சொல்லிவிட்டது. அணைத்த கையோடு ஹீட் சிங்கை (ப்ராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் அலுமினியக் கட்டி) தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புதான். உள்ளே நெருப்பு, வெளியே வெதுவெதுப்பு என்றால் சூடு ப்ராசஸரிலிருந்து அலுமினியத்துக்கு ஏறவே இல்லை. யுபிஎஸ்ஸையோ ஃபேனையோ மாற்றியிருந்தால் காசுதான் போயிருக்கும்.

கேபினெட்டைப் படுக்க வைத்துப் பார்த்தோம். ஹீட் சிங்கின் நாலு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று போர்டிலிருந்து கிளம்பி நின்றது. கழற்றினால் உள்ளே, ப்ராசஸர் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் கருப்புத் தூசி இறக்கைகளுக்கு நடுவில் அடையாக. கடல் பக்கத்து உப்புக்காற்றில் கேபினெட் திருகுகள் துருப்பிடித்து, மாமா தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் திருப்பினார். பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்து, ஊசிகளை குறுக்குக்குறுக்காக ‘டக்’ சத்தம் வரும்வரை அழுத்தி, போர்டைத் திருப்பி நாலும் மறுபக்கம் எட்டிப்பார்க்கின்றனவா என்றும் பார்த்துக்கொண்டோம்.

அதே அறை, அதே மத்தியானம், அதே ரெண்டர்: 80-ஐ ஒட்டி நிற்கிறது. ஒரு விஷயம். வெளிநாட்டுக்காரர்கள் ‘சும்மா இருக்கும்போது 35 டிகிரி இருந்தால்தான் ஆரோக்கியம்’ என்று எழுதுவதைப் பார்த்து நம்மூர் ஆட்கள் பயப்படுகிறார்கள். அவர்கள் அறை 22. நம் அறை 36. அறைக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதைப் பாருங்கள். அந்த வித்தியாசம் எனக்கு ரெண்டரில் அறுபதுக்கு மேலிருந்து நாற்பத்தைந்துக்குக் கீழே வந்தது. மார்கழியிலும் சித்திரையிலும் ஒப்பிடக்கூடிய எண் அது ஒன்றுதான்.

பேனலையும் மாற்றினேன். சென்சார் டிரைவர் ஒவ்வொன்றுக்கும் லினக்ஸ் ஹெச்டபிள்யூமான்0, ஹெச்டபிள்யூமான்1 என்று ஒரு அடைவு வைக்கும், அந்த வரிசை எண்ணை நம்பி எதையும் அமைக்காதீர்கள். எந்த டிரைவர் முதலில் ஏறுகிறதோ அதற்கு முதல் எண், ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். ஒவ்வொன்றுக்குள்ளும் நேம் என்று ஒரு கோப்பு இருக்கும், அதில் கோர்டெம்ப் என்று இருக்கிறதா பார்த்து எடுக்கணும். மதிப்பு ஆயிரம் மடங்கில் இருக்கும், 52000 என்றால் 52.

ஸ்டுடியோ அண்ணன் கேள்விப்பட்டு போன் பண்ணினார். “தங்கச்சி, என்னுது விண்டோஸு. டாஸ்க் மேனேஜர்ல தேடிப் பாத்துட்டேன், ப்ராசஸர் டிகிரியே காணோமே?” இருக்காது அண்ணே என்றேன். டாஸ்க் மேனேஜர் தனி கிராஃபிக்ஸ் கார்டு வெப்பத்தை மட்டும்தான் காட்டும். ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற நிரலைப் போடச் சொன்னேன், அது சூப்பர் ஐ-ஓ சில்லையும் நேரே படிக்கும். வேறு சில இலவச மானிட்டர் நிரல்களை 2025-இல் விண்டோஸ் டிஃபெண்டர் பிடித்து ஓரங்கட்டியது. அவை நம்பியிருந்த வின்ரிங்0 என்ற டிரைவரில் உண்மையாகவே ஓட்டை இருக்கிறது, வீண் பயமுறுத்தல் இல்லை. அதற்காக டிஃபெண்டரை அணைத்துவைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். கேட்டாரா தெரியாது.

இன்னொன்று பாக்கி. சாட்டா ஹார்ட் டிஸ்க் வெப்பத்துக்கு டிரைவ்டெம்ப் என்று ஒரு டிரைவர் 5.6 கெர்னலிலிருந்து இருக்கிறது. அதை சென்சார்ஸ்-டிடெக்ட் சொல்லவில்லை, நாமே மாட்ப்ரோப் பண்ணணும். பண்ணினேன், கல்யாண ஃபுட்டேஜ் இருக்கும் டிஸ்க் 52 காட்டியது. மேல்தட்டில், முன் ஃபேன் காற்று படாத இடத்தில் இருக்கிறது. கையில் இருக்கும் ராயபுரம் ரிசப்ஷனை டெலிவரி கொடுத்துவிட்டு அதைக் கீழ்த்தட்டுக்கு இறக்கணும்.